மல்லிகாவின் கேள்வி சபைமுன் உள்ளது

1

ஊர்க்கூட்டத்தில் ஒரு வீட்டின் பெயரால் கேட்கப்பட்ட கேள்விக்கு, அடுத்த அமாவாசைக் கூட்டம் கலைவதற்குள் ஊர் பதில் சொல்லியாக வேண்டும். பதில் ‘முடியாது’ என்பதாக இருக்கலாம். பதிலே இல்லாமல் இருக்கக் கூடாது.

இது பழவேற்காட்டுப் பக்கம் எங்கள் குப்பத்து விதி. எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எழுதாததால் அதில் யாரும் ஓட்டை கண்டுபிடித்ததும் இல்லை. நான் சென்னையில் சட்டமன்றச் செயலகத்தில் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவன். மேலவை இருந்தபோது வேலையில் சேர்ந்தேன், மேலவை இல்லாதபோது ஓய்வு பெற்றேன். இடையில் என் மேசைமேல் இருந்த கோப்புகளின் உயரம் குறைந்ததாக நினைவில்லை. கவன ஈர்ப்பு, ஒத்திவைப்பு, உரிமைப் பிரச்சினை என்று எதைக் கேட்டாலும் நடைமுறையைத் தூக்கத்திலும் சொல்வேன். ஆனால் இந்த அமாவாசை விதியைப் போலச் சுருக்கமாகவும் கண்டிப்பாகவும் வரையப்பட்ட ஒன்று என் கைக்கு வந்ததே கிடையாது.

இந்த ஆடி அமாவாசையன்று அந்த விதிப்படி ஒரு கேள்வி கேட்கப்பட்டது. கேள்வி என் தங்கை மகள் மல்லிகாவுடையது. கேட்ட வாய் என்னுடையது. ஊர்க்கூட்டத்தில் பெண்கள் உட்கார முடியாது. அவள் கூட்டம் நடக்கும் கோயிலுக்கு எதிரில், வலை காயும் இடத்தில் நின்றிருந்தாள். நானோ நியூசிலாந்தில், வெலிங்டன் மலைச்சரிவில் இருக்கும் மகள் வீட்டுச் சமையலறையில், கையில் கைபேசியோடு உட்கார்ந்திருந்தேன். கூட்டத்துக்குள் இருந்தவன் நான், வெளியே நின்றவள் அவள். ஊர்ச் சட்டம் தூரத்தை அப்படித்தான் அளக்கிறது.

2

ஊர்ப்பக்கம் அறியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்தை ஒட்டி, கடல்தண்ணீர் உள்ளே ஏறும் இடங்களில் இறால் அப்பிக்கொண்டு வரும். அங்கே எல்லோரும் வலை கட்டினால் தலை உடையும். அதனால் முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இன்ன நாள், இன்ன இடம், இன்ன வீட்டு வலை. ஐப்பசி அமாவாசையன்று சீட்டுக் குலுக்கி வரிசையை முடிவு செய்வார்கள். பாடு வரிசையில் இடமுள்ள வீடு மழைக்காலத்தைத் தாண்டிவிடும். இல்லாத வீட்டிலிருந்து யாராவது காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு ஒப்பந்தக் கூலியாக பஸ் ஏறுவார்கள்.

பாட்டில் இடங்கள் கூடுவதில்லை. கல்யாணமான ஆண் இருக்கும் வீடுதான் தலைக்கட்டு. தலைக்கட்டுக்குத்தான் பாட்டில் இடம், கூட்டத்தில் பேச்சு. அந்த ஆண் இறந்துவிட்டால் இடம் ஊருக்குத் திரும்பும். புதிதாகக் கல்யாணமாகிக் காத்திருக்கும் பையன்களில் முதலில் இருப்பவனுக்கு அது போகும்.

மல்லிகாவின் கணவன் ஏழுமலை போன தை மாதம் மாரடைப்பில் இறந்துபோனான். இரண்டும் பெண் பிள்ளைகள், இருவரும் படிக்கிறார்கள். படகு இருக்கிறது. வலை இருக்கிறது. கூட இழுக்க ஏழுமலையின் கூட்டாளிகள் இருக்கிறார்கள். அவன் இருந்தபோதே ஏரிக்கு அவனோடு போய் வந்தவள்தான் மல்லிகா.

“வல கீது, ஆளு கீது, தண்ணி கீது. எடம் மட்டும் இல்லன்னா இன்னா மாமா நாயம்?” என்று போனில் கேட்டாள். “இந்த ஐப்பசிக்கு என் வூட்டு சீட்டு டப்பாக்குள்ள இல்லன்னா அப்புறம் எப்பவும் கெடையாது. புள்ளைங்கள வெச்சினு நான் எங்க போவேன்?”

நான் தலைக்கட்டாக நீடிப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நான் வலையைத் தொட்டது பள்ளிக்கூடக் காலத்தில். என் மனைவி காலமாகிவிட்டாள். நான் கடல்கள் தாண்டி வந்தாகிவிட்டது. ஆனால் ஊர்வரியை ஒழுங்காக அனுப்புகிறேன், அதனால் என் இடம் அப்படியே இருக்கிறது. என் முறை வரும் நாளில் சித்தப்பா பேரன் யாரோ வலை கட்டுகிறான். மனைவி போனால் தலைக்கட்டு நிற்கும், கணவன் போனால் விழும். ஒரு மசோதாவில் இப்படி ஒரு பிரிவு வந்திருந்தால் ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருப்பேன்.

3

ஊர்த் தலைவரை நாங்கள் நாட்டார் என்போம். இப்போதைய நாட்டார் தேசப்பன் என்னோடு பொன்னேரியில் படித்தவன். ஆடிக் கூட்டத்தில் தன் கைபேசியைக் கங்கையம்மன் கோயில் படியில் சாய்த்து வைத்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் முழங்கால்கள், ஒரு தண்ணீர்க் குடம், நடுவே படுத்திருந்த நாய்.

“செகரட்டரி வந்துட்டாரு. இன்னாபா, அங்க பகலா ராவா?” செயலகத்தில் வேலை பார்த்ததால் ஊரில் எனக்கு அந்தப் பெயர்.

“சாயங்காலம்.”

“எங்களுக்கு முன்னாடி ஒனக்கு பொழுது சாஞ்சிடுது. சரி, சொல்லு.”

சொன்னேன். ஏழுமலை வீட்டுப் பாடு மல்லிகா பெயரில் தொடர வேண்டும் என்று முறையாக, பெயர் சொல்லி, ஊர் சொல்லிக் கேட்டேன்.

வேலாயுதம் எழுந்தார். அவருடைய மகன்தான் காத்திருக்கும் பையன்களில் முதலாமவன். துறைமுகத்தில் கன்டெய்னர்களுக்கு நடுவே வெயிலில் நின்றுகொண்டிருப்பவன்.

“செகரட்டரி நல்லாத்தான் பேசறாரு. இன்னிக்கி பொம்பள பேருக்குப் பாடு. நாளைக்கி அவ பொண்ண எளாவூருக்குக் கட்டிக் குடுப்பா. அந்த மாப்பிள்ள வந்து நம்ம முகத்துவாரத்துல வல கட்டுவான். அப்ப இன்னா பண்ணுவீங்க? அவனுக்கும் மாலையா?”

சிரித்தார்கள். ஆனால் அது உருப்படியான ஆட்சேபம். மருமகனுக்குப் போகாது என்று ஒரு நிபந்தனை சேர்க்கலாம் என்றேன். பாட்டில் பெண் பேர் இருந்த கதை உண்டா என்று ஒரு பெரியவர் கேட்டார். துறைமுகமும்தான் அவர் நைனா காலத்தில் இல்லை என்று தேசப்பன் சொன்னான். பேச்சு ஏறி இறங்கி, பாதி பேர் எங்கள் பக்கம் சாய்வது போல எனக்குத் தோன்றியது. அந்த நேரத்தில்தான் நான் அசெம்பிளி ஆளாகிவிட்டேன்.

“ரெண்டு பக்கமும் பேசியாச்சு, நாட்டாரே. ஓட்டுக்கு விடுங்க. ஒத்துக்கிறவங்க கை தூக்கட்டும்.”

ஒரு கையும் எழவில்லை. முழங்கால்கள் அசையவில்லை. நாய் மட்டும் எழுந்து போனது.

எங்கள் கூட்டத்தில் கையை எண்ணும் வழக்கமே கிடையாது. யாரிடமும் மாற்றுப் பேச்சு மிச்சமில்லாத வரை பேசுவார்கள். பிறகு நாட்டார் மூன்று முறை கேட்பார். மூன்றாம் முறையும் அமைதி என்றால் அது சட்டம். சட்டமன்றத்தில் ஓட்டில் தோற்றவர் காரில் ஏறித் தொகுதிக்குப் போய்விடலாம். குப்பத்தில் தோற்றவனும் ஜெயித்தவனும் விடிந்தால் ஒரே படகுக்குத் தோள் கொடுத்து மணலில் தள்ள வேண்டும். யார் யார் எதிர்த்தார்கள் என்பது எண்ணிக்கையாக வெளியே தெரிந்துவிட்டால் அந்தத் தோள் வராது. இதெல்லாம் நான் அறியாததல்ல. ஜெயிக்கப்போகிறோம் என்று தோன்றும்போது எண்ணச் சொல்லும் பழக்கம் ரத்தத்தில் ஊறியிருந்தது.

“எண்ணச் சொல்றாரு,” என்றார் வேலாயுதம் நிதானமாக. “எண்ணிக்குங்க. நாளைக்கிப் படகு தள்ளும்போதும் நின்னு எண்ணிக்குங்க.”

யாரோ கைபேசியைக் கவிழ்த்தார்கள். திரை கருத்தது.

4

ஆவணி அமாவாசையும் வந்து போனது. கூட்டத்துக்கு என்னைக் கைபேசியில் யாரும் அழைக்கவில்லை.

“ஒங்க பேச்சே எடுக்கல மாமா,” என்றாள் மல்லிகா. “திருவிழா மைக் செட்டுக்கு அவ்ளோ நேரம் பேசுனாங்க. அப்புறம் எழுந்து போய்ட்டாங்க.”

“நாட்டார்?”

“என்னப் பாத்தாரு. தல குனிஞ்சினு போய்ட்டாரு.”

விதி மீறப்பட்டது. எனக்குத் தெரிந்து முதல் முறை. அதைவிட மோசமானதை அவள் அடுத்த அழைப்பில்தான் சொன்னாள். அவளுடைய படகு மணலிலேயே நிற்கிறது. தள்ள, வேலாயுதம் இருக்கும் மேலத்தெருவிலிருந்து யாரும் வருவதில்லை. கீழத்தெருக்காரர்கள் வந்தால் அவர்களுடைய படகுக்கு மேலத்தெரு வருவதில்லை. ஊர் இரண்டாகி நின்றது. சீட்டுக் குலுக்கலே நடக்காமல் போகலாம் என்று பேசிக்கொண்டார்கள். அப்படியானால் முகத்துவாரத்தில் யார் முந்துகிறார்களோ அவர்கள் வலை. அதற்குப் பின் போலீஸ்.

“தொறமுக கேன்டீன்ல பாத்திரம் கழுவ ஆள் எடுக்கறாங்க. ஐப்பசி அமாவாசக்குள்ள சொல்லணுமாம்,” என்றாள். “நான் அங்க போய்ட்டா அப்புறம் ஊர் பதில் சொல்லத் தேவையே இல்ல. அவங்களே நிம்மதியா இருப்பாங்க.”

அதே வாரம் ஓய்வூதியத்துக்கு என் உயிர்வாழ் சான்றை அனுப்ப வேண்டியிருந்தது. நான் உயிரோடு இருப்பதை நானே சொன்னால் போதாது. இங்கே நூலகத்தில் ஒரு மேசை போட்டு, முத்திரையோடு ஒரு பெரியவர் இலவசமாகச் சான்றளிக்க உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்த்ததும், எப்படிப் போகிறீர்கள் என்றார். பஸ்ஸில் என்றேன். மகள் கவிதா என் முழங்கையை இடித்தாள். இந்த ஊரில் அது நலம் விசாரிப்பு. அவர் சிரித்துக்கொண்டே நான் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பேத்தி தன் அம்மாவிடம் கேட்டாள், அவள் மொழியில். தாத்தாவின் கிராமத்தில் அரசாங்கமே கிடையாதா, எல்லாவற்றையும் அவர்களே முடிவு செய்துகொள்வார்களா என்று. கவிதா எனக்கு மொழிபெயர்த்தாள். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதை இருவரும் அடிக்கடி மறந்துபோகிறார்கள். அரசாங்கம் இருக்கிறது, அதனால்தான் நாங்களே முடிவு செய்துகொள்கிறோம் என்று சொல்ல நினைத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

5

இந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கும் ஒரே அவைதான். ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரம். ஒரு மசோதா வந்தால் அதை ஆராயும் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும். எழுதி அனுப்பலாம், நேரில் வந்தும் பேசலாம். கடலோரப் பயன்பாடு குறித்த ஒரு மசோதாவுக்கு நான் எழுதி அனுப்பியிருந்தேன். பொழுது போகாததுதான் காரணம். பேச அழைத்தார்கள்.

ஆவணி அமாவாசைக்கும் புரட்டாசி அமாவாசைக்கும் நடுவே அந்த நாள் வந்தது. மாண்புமிகு தலைவர் அவர்களே என்பதற்கு ஆங்கிலத்தில் என்னென்ன உண்டோ அத்தனையும் சொல்லி ஆரம்பித்தேன். தலைவியாக இருந்த அம்மாள் தன் முதல் பெயரைச் சொல்லி அப்படியே கூப்பிடுங்கள் என்றார். என்னால் கூப்பிட முடியவில்லை. அவைகளில் எப்போதும் அதிகாரிகளுக்கான இருக்கையில், வாய் மூடிக் காகிதம் நீட்டியவன் நான். சட்டம் செய்கிறவர்கள் முன் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. வயது அறுபதைத் தாண்டி, அந்நிய நாட்டில்.

நீரைப் பங்கிடுவதற்கு உதாரணமாக எங்கள் பாடு முறையைப் பற்றிச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். முறை, சீட்டு, முகத்துவாரம், மூன்று முறை கேட்பது. கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் இருந்த ஓர் இளைய உறுப்பினர், அந்தக் கூட்டத்தில் யாரெல்லாம் உட்காருவார்கள் என்று கேட்டார். கேள்வியில் உள்நோக்கம் எதுவும் இல்லை.

“கல்யாணமான ஆண்கள்,” என்றேன்.

அவர் எதையோ குறித்துக்கொண்டார். அடுத்தவரை அழைத்தார்கள்.

சட்டமன்றம் என்றால் சட்டம் இயற்றும் இடம் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. தவறில்லை. ஆனால் உள்ளே இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சட்டம் இயற்றுவது அதன் வேலையில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் அதிகாரத்தில் இருப்பவரை எழுந்து நிற்க வைத்துப் பதில் வாங்குவது. எங்கோ ஒரு ஊரில் பாலம் ஏன் பாதியில் நிற்கிறது என்று ஒருவர் கேட்டால், ஓர் அமைச்சர் எழுந்தாக வேண்டும். பதில் மழுப்பலாக இருக்கலாம். ஆனால் எழுந்ததும் சொன்னதும் பதிவாகிவிடும். சட்டத்துக்குக் கட்டுப்பட்டவனுக்குக் கேட்கும் உரிமை இல்லை என்றால், அங்கே கட்டுப்பாடு இருக்கும், சபை இருக்காது. மல்லிகா பாடு முறைக்குக் கட்டுப்பட்டவள். ஏழுமலை இருந்தபோதும், போன பிறகும், ஒரு நாளும் அடுத்தவன் முறையில் அவள் வலை இறங்கியதில்லை.

குழு அலுவலகத்திலிருந்து மறுநாளே நன்றிக் கடிதம் வந்துவிட்டது. என் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள்.

6

புரட்டாசி அமாவாசையன்று கூட்டமே போடவில்லை. தர்ப்பணத்துக்குப் போய்விட்டார்களாம். நான் தேசப்பனைக் கூப்பிட்டேன்.

“விதி என்ன ஆச்சு, நாட்டாரே?”

“யோவ், நாட்டாருன்னுலாம் கூப்டாத, பயமாக்கீது. நீ விதியப் பேசு. நான் ஊரப் பாக்கறேன். கூட்டம் போட்டா அடிச்சிப்பாங்கப்பா.”

“பதில் சொல்லாம சீட்டுக் குலுக்க முடியாது. கேள்வி நிக்குது.”

“தெரியும். அதனாலதான் தூக்கம் வரல.” குரலைத் தாழ்த்தினான். “வேலாயுதம் கெட்டவன் இல்ல. அவன் புள்ள வருசக்கணக்கா காத்துனு கீறான். அவனுக்கு எடம் இல்லன்னா அவன் பேசத்தான் பேசுவான். எடம் எங்க கீது? எல்லா எடத்துலயும் ஆள் கீது. ஒண்ணே ஒண்ணுலதான் ஆளே இல்ல.”

எதைச் சொல்கிறான் என்பது புரிய எனக்கு நேரம் பிடிக்கவில்லை.

“என் எடத்த நேரா மல்லிகாவுக்கே குடுத்துடலாமே?”

“அது ஒன் வூட்டுச் சொத்தா? வுட்டா ஊருக்குத்தான் வரும். ஊரு வரிசைல நிக்கறவனுக்குக் குடுக்கும். ஒனக்குத் தெரியாததா.”

தெரிந்ததுதான். தனக்கு நேரடி லாபம் உள்ள விஷயத்தில் ஒருவர் முடிவெடுக்கக் கூடாது என்பது எல்லாச் சபைக்கும் பொது. வேலாயுதத்துக்கு மகன் இருக்கிறான். எனக்கு மருமகள் முறை இருக்கிறது. என் இடம் ஊருக்குத் திரும்பினால் அவருடைய லாபமும் தீர்ந்தது, தலைக்கட்டு இல்லாத என் பேச்சும் தீர்ந்தது. அதற்குப் பிறகு மல்லிகாவின் கேள்வி மட்டும் தனியாக நிற்கும்.

ஆனால் இடம் போனால் ஊரில் எனக்கு என்ன மிச்சம் என்று யோசித்தேன். வீடு எப்போதோ இடிந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை. பாஸ்போர்ட் கூடிய சீக்கிரம் மாறும். அந்தக் குப்பத்தில் நான் யார் என்று கேட்டால் பதில் ஒரு தலைக்கட்டு என்பதுதான். வேலாயுதத்தின் மகன் வலை கட்டிய அன்றே அதுவும் போய்விடும்.

மல்லிகாவிடம் சொன்னபோது கோபப்பட்டாள்.

“வேணாம் மாமா. நான் பிச்சையா கேட்டேன்? என் எடத்துக்கு நாயம் கேட்டேன். நீங்க ஒங்க எடத்த வுட்டு எனக்கு வாங்கிக் குடுத்தா, நாளைக்கி மாமன் தயவுல நிக்கறான்னுவாங்க.”

“உனக்கு வாங்கிக் குடுக்கல. ஊருக்கு வழி விடறேன். அதுக்கப்புறமும் அவங்க ‘முடியாது’ன்னு சொல்லலாம். சொன்னா கேன்டீன்தான்.”

“சொல்லிட்டா?”

“அதுவும் பதில்தான்.”

“ஒங்களுக்கு இன்னா, விதியச் சொல்லிட்டுப் படுத்துடுவீங்க,” என்றாள். பிறகு குரல் இறங்கி, “அப்ப ஊர்ல ஒங்களுக்கு ஒண்ணுமே இருக்காதே மாமா,” என்றாள்.

“நீ இருக்கியே. கம்முனு போய் வலையப் பாரு.”

7

ஐப்பசி அமாவாசை. தீபாவளிக்கு மறுநாள். வெலிங்டனில் காற்று வீட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. கவிதா சீக்கிரம் வந்து எதிரே உட்கார்ந்துகொண்டாள். அடுப்பை அணைத்துவிட்டாள்.

இந்த முறை தேசப்பன் கைபேசியைத் தன் கையிலேயே வைத்திருந்தான். முழங்கால்களுக்குப் பதில் முகங்கள் தெரிந்தன. மேலத்தெரு ஒரு பக்கம், கீழத்தெரு ஒரு பக்கம். நடுவில் ஒரு படகு போகலாம். வேலாயுதம் என்னைப் பார்க்கவில்லை.

எழுதி வைத்துக்கொண்டு பேசவில்லை. என் தலைக்கட்டை ஊருக்கே திருப்பித் தருகிறேன், நிபந்தனை ஒன்றுமில்லை, வரிசைப்படி யாருக்கு வருகிறதோ அவனுக்குப் போகட்டும் என்றேன். பிறகு, மல்லிகா ஆடியில் கேட்ட கேள்விக்கு ஊர் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதை நினைவுபடுத்தி முடித்தேன்.

தேசப்பன் மூன்று முறை கேட்டான். “செகரட்டரி தலக்கட்ட வுட்டுத் தர்றாரு. யாருக்குனா மாத்துப் பேச்சு கீதா?” முதல் முறை ஒரு முணுமுணுப்பு. இரண்டாம் முறை வேலாயுதம் தலை நிமிர்ந்தார். மூன்றாம் முறை எல்லாம் அடங்கி, காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அங்கே அடித்த காற்றா, இங்கே அடித்ததா என்று தெரியவில்லை.

“ஊரு ஏத்துக்கிச்சி,” என்றான். பிறகு கைபேசியை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான். “அடுத்தது மல்லிகா விசயம். நீ…”

தலைக்கட்டு இல்லாதவர் கூட்டத்தில் இருக்கக் கூடாது. பேரவையில் உறுப்பினர் அல்லாதவரை அவைக் காவலர் வெளியேற்றுவார். இங்கே காவலர் இல்லை. நானே சிவப்பு வட்டத்தைத் தொட்டேன்.

“ஏம்பா கட் பண்ணீங்க? கேட்டுக்கிட்டு இருந்தா யாருக்குத் தெரியும்?” என்றாள் கவிதா.

“எனக்குத் தெரியும்.”

உட்கார்ந்திருந்தோம். அவள் டீ போட்டாள், ஆறியது, கொட்டிவிட்டு மறுபடி போட்டாள். பேத்தி வந்து எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஏதும் கேட்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். எதிர்மலையில் விளக்குகள் ஏற ஆரம்பித்தபோது கைபேசி அதிர்ந்தது. மல்லிகா. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“மாமா, மூணு வாட்டி கேட்டாரு. ‘ஏழுமலை வூட்டுப் பாடு மல்லிகா பேர்ல நிக்கலாமா’ன்னு. மொத வாட்டி ஒருத்தரும் பேசல. ரெண்டாவது வாட்டியும் பேசல. மூணாவது வாட்டி வேலாயுதம் மாமா தொண்டயக் கனைச்சாரு. எனக்கு உசுரே போச்சி.”

“என்ன சொன்னார்?”

“எச்சித் துப்பிட்டு உக்காந்துட்டாரு.”

கவிதா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“என் காலம் வரைக்குந்தானாம். பொண்ணுங்களுக்குக் கெடையாதாம், மருமவனுக்கும் கெடையாதாம். அத அப்புறம் பாத்துக்கலாம். சீட்டு நான்தான் எடுத்தேன் மாமா, என் கையால. கூட்டத்துல உக்காரலாமான்னு அவங்களும் சொல்லல, நானும் கேக்கல. அடுத்த அமாவாசக்கிப் போய் உக்காந்து பாக்கறேன்.”

பின்னால் ஆட்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது கேட்டது. அவள் படகைத் தள்ள வந்திருக்கிறார்களாம், இரண்டு தெருவிலிருந்தும். போக வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

ஆவணி அமாவாசைக்குள் வந்திருக்க வேண்டிய பதில் கிடைத்த நாள்: ஐப்பசி நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை.